முதல் நாவல் தந்த முன்சீப்

தமிழின் முதல் நாவல் எது? ஒரு மதிப்பெண் வினா. நம் மாணவியர் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதிவிடுவார்கள். நூலின் பெயர் பிரதாப முதலியார் சரித்திரம். ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. வெளிவந்த ஆண்டு 1879. மூன்றும் சரிதான். ஆனால் அதே வகுப்பில், அந்த நூலைப் படித்தவர் கையைத் தூக்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியையின் கையும் உயருமா என்பது ஐயமே. ஆங்கில வகுப்பில் சிறுவன் டேவிட் காப்பர்ஃபீல்டு படும் பாட்டைச் சுருக்கப் பதிப்பிலேனும் படித்துக் கண் கலங்கியிருக்கிறோம். சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில் வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராயிருந்தார், பிறகு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதினார், அந்த அனுபவமே அவர் கதைகளில் விளைந்தது என்றெல்லாம் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்கிறோம். அதே காலத்தில் நம் காவிரிக்கரையில், நீதிமன்றக் கட்டுகளுக்கிடையே வாழ்ந்து, அங்கே கண்டதையெல்லாம் கதையாக்கிய ஒருவரை ஒரு மதிப்பெண்ணோடு அனுப்பிவிடுகிறோம். அதிலும் அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர். எழுதியதில் பெரும்பகுதி பெண் மக்களை எண்ணியே எழுதியவர். பெண்கள் படிக்கும் பள்ளியின் மலரில் அவர் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்லலாம் அன்றோ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்று இன்னொருவர் உண்டு. பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். 1774-ல் பிறந்து 1864-ல் மறைந்தவர். தேர்வுத் தாளில் இவ்விருவரையும் ஒருவராக்கி, குறவஞ்சி பாடியவரே நாவலும் எழுதினார் என்று முடிப்பவர் ஆண்டுதோறும் உண்டு. நாம் பேசப்போகிறவர் வேதநாயகம் பிள்ளை.

அவர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். திருச்சிப் பகுதி, பழைய மதுரை மிஷன் என்று நாம் வரலாற்றில் படிக்கும் பெரும்பரப்பில் அடங்கியது. மதுரைக்கெனத் தனி மறைமாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 1938-ல்தான். ஆகவே மாயூரத்தார் அவரைத் தம்மவர் என்று கொண்டாடினாலும், நாமும் கொஞ்சம் உரிமை கோரலாம். அந்த மிஷன் மண்ணில்தான் அவருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையை உரைநடையில் எழுதிச் சிரிக்க வைத்தார். தமிழ் உரைநடையில் கதை சொல்லும் வழி, அந்த இத்தாலி நாட்டுத் துறவியின் காலத்திலேயே ஓரளவு திறந்திருந்தது.

இளமையில் தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்ற வேதநாயகம், 1848-ல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளரானார். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழிலும் தமிழில் உள்ளதை ஆங்கிலத்திலும் சொல்லும் வேலை. கேட்பதற்கு எளிது. வழக்காடுகிறவனுக்கு நீதிபதியின் மொழி தெரியாது, தீர்ப்பு எழுதுகிறவருக்கு வழக்காடியின் மொழி சரிவரத் தெரியாது, நடுவில் நிற்கும் ஒருவனுடைய நாவில் ஒரு குடும்பத்தின் நிலபுலன் தொங்குகிறது என்றால் அந்த வேலையின் கனம் விளங்கும். அந்தக் கனத்தை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்பதற்குச் சான்று, 1862-ல் அவர் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகம். 1805 முதல் 1861 வரை உயர் நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்த நூல் அது. சட்டம் யாரை ஆளுகிறதோ அவர் மொழியில் சட்டம் இருக்கவேண்டும் என்ற எண்ணம், அந்நாளில் ஓர் அரசு ஊழியருக்குத் தோன்றியதே பெரிது. நாவலில் கூட, தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வக்கீல், தமிழ் நீதிபதி முன் ஆங்கிலத்தில் வாதிடும் கோலத்தை ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

1857-ல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீபானார். பின்னர் சீர்காழி, அதன்பின் மாயூரம். இன்றைய மயிலாடுதுறைதான் அந்நாளைய மாயூரம். அங்கே ஏறத்தாழ 12 ஆண்டுகள் முன்சீபாயிருந்து 1872-ல் பதவியிலிருந்து விலகினார். ஊர் அவரை விடவில்லை. நகராட்சித் தலைவராகவும் இருந்தார். ஊர்ப்பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் என்றால் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. கொலையும் கொள்ளையும் அவர் முன் வருவதில்லை. வருவது கடன், வாய்க்கால், வரப்பு, பாகப்பிரிவினை, விதவைக்குச் சேரவேண்டிய சொத்து. எழுதப் படிக்கத் தெரியாத பெண், அண்ணனோ கொழுந்தனோ நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, பின்னர் தலையில் கைவைத்து அழுவது இத்தகைய நீதிமன்றங்களில் அன்றாடக் காட்சி. பெண்ணுக்கு எழுத்தறிவு இல்லாமையால் ஒரு வீடு எப்படிக் குலைகிறது என்பதை அவரைப்போல் ஆண்டுக்கணக்கில் எதிரே அமர்ந்து பார்த்தவர் குறைவு. பெண் கல்வி பற்றி அவர் எழுதியவற்றில் தெரியும் அவசரத்துக்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துப் பணியை அவர் செய்யுளில்தான் தொடங்கினார். அந்நாளில் புலமை என்றால் செய்யுளே. 1850-களின் இறுதியில் வெளிவந்த நீதிநூல், கடவுள் பக்தி முதல் கைக்கூலி வாங்குவோர் வரை பல பொருள்களைப் பாடியது. லஞ்சத்தைச் சாடிய அவர் லஞ்சம் வாங்காதவர் என்பது ஊரறிந்த செய்தி. ஒருவர் நூல் சொல்வதையே அவர் நடத்தையும் சொன்னது என்று எழுத வாய்ப்பது எத்தனை பேர் வரலாற்றில்!

அடுத்து, 1869-ஐ ஒட்டி வந்தது பெண்மதி மாலை. தம் பெண் மக்கள் படிப்பதற்கென்று எழுதியதைப் பின்னர் எல்லார் வீட்டுப் பெண்களுக்குமாக அச்சேற்றினார். பாட்டுகளோடு பெண் கல்வி, பெண் மானம் என்னும் உரைநடைப் பகுதிகளும் அதில் உண்டு. அந்தக் காலச் சூழலை நினைத்துப் பாருங்கள். பெண் படித்தால் கெட்டுப்போவாள், கணவனை மதிக்கமாட்டாள், கள்ளக் கடிதம் எழுதுவாள் என்று பெரிய மனிதர்களே பேசிவந்த காலம். வேதநாயகம் பிள்ளை இந்தப் பேச்சை நீதிபதியாகவே எதிர்கொள்கிறார். இறைவன் அறிவைக் கொடுக்கும்போது ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் பிரித்துக் கொடுக்கவில்லை. கேடு விளைவது அறியாமையாலே அன்றி அறிவாலே அன்று. பிள்ளைக்கு முதல் ஆசிரியை தாயே ஆகையால் தாய் கல்லாதவளாயின் வீடே கல்லாததாகும். சுருக்கமாக அவர் வாதம் இதுதான். இதில் இன்று நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. ஆயினும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சில வீடுகளில், பத்தாம் வகுப்பு முடிந்ததும் இதற்குமேல் எதற்கு என்று பெரியவர்கள் பேசத் தொடங்குவதையும், அந்தப் பெண்ணின் இருக்கை அடுத்த ஜூன் மாதம் காலியாக இருப்பதையும் கண்டவர்களுக்கு, அந்தப் பழைய வாதம் இன்னும் முற்றுப்பெறாத வழக்கு என்பது தெரியும்.

அவர் இதைச் சொன்ன முதல் ஆள் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர் முன்சீபாயிருந்த தரங்கம்பாடியிலேயே சீகன்பால்க் ஐயர் 1707-ல் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். புதுச்சேரியில் துப்புய் அடிகளார், பெண் கல்வியையே முதல் நோக்கமாகக் கொண்டு, மரியாயின் மாசற்ற இருதய சபை என்னும் நம் நாட்டுக் கன்னியர் சபையை 1844-ல் நிறுவினார். நம் மதுரையில் 1834-ல் வந்து அமர்ந்த அமெரிக்க மிஷனாரும் பெண்களுக்குப் பள்ளி நடத்தினர். வேதநாயகம் பிள்ளையும் மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆனால் பள்ளி கட்டுகிறவர்கள் பலர் இருந்தபோதும், பள்ளியில் படித்த பெண் வீட்டுக்குத் திரும்பியபின் எதைப் படிப்பது என்று கேட்டவர் அவரே. செய்யுள் நூல்கள் உரையாசிரியர் துணையின்றிப் புரியா. உரைநடையிலோ வேத நூல்களும் பாடப் புத்தகங்களும் தவிர அதிகமில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத உரைநடை நூல், அடுப்படி வேலை முடிந்த பின் ஒரு பெண் தானே படித்துப் புரிந்துகொள்ளும் நூல் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது, பிரெஞ்சில் இருக்கிறது, நமக்கு இல்லை. வசன காவியம் என்று அவரே பெயரிட்டு, அந்தக் குறையைத் தீர்க்க 1879-ல் வெளியிட்டதுதான் பிரதாப முதலியார் சரித்திரம்.

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முழுதும் சொல்லிவிட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள்.

சத்தியபுரி என்னும் ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரதாபன் தன் கதையைத் தானே சொல்கிறான். பாட்டியின் செல்லம் பிள்ளையைக் கெடுக்கிறது. பணக்காரப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்கிறது வீடு. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியர் அவனை அடிக்கக்கூடாது. அவன் தவறு செய்தால் அவனுக்குப் பதிலாக ஆசிரியர் மகன் கனகசபை அடி வாங்கவேண்டும்! சிரிப்பதா சினப்பதா என்று தெரியாத இந்தக் காட்சியை எழுதிய கைக்கு டிக்கன்ஸின் கையோடு உறவு உண்டு. வீட்டில் விவேகமுள்ளவள் ஒருத்திதான்: பிரதாபனின் தாய் சுந்தரத்தண்ணி. அவள் முயற்சியால் பையன் படிப்பில் இறங்குகிறான். உடன் படிப்பவள் மாமன் மகள் ஞானாம்பாள். அவள் எதிலும் அவனை முந்திவிடுகிறாள். அதைப் பிரதாபனே வெட்கமில்லாமல், சொல்லப்போனால் பெருமையோடு, நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். பெரியவர்கள் வீம்பால் கல்யாணம் தடைப்படுவதும், பிறகு நடப்பதும், பின்னர் விதி இருவரையும் பிரிப்பதும் நாடகம் பார்ப்பதுபோல் ஓடும்.

நூலின் உச்சி விக்கிரமபுரிக் கட்டம். அரசனற்று, லஞ்சமும் அநீதியும் மலிந்த ஊர் அது. அங்கே வந்து சேர்ந்த பிரதாபன், அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று ஒரு தொழிலாளியிடம் வாக்களித்து மாட்டிக்கொள்கிறான். எவ்வளவு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷமில்லை என்கிறான் அந்தக் கெட்டிக்காரன். வழக்கு மன்றத்துக்குப் போகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான். அவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்பட்ட ஞானாம்பாள் அதே ஊருக்கு வர, பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, ஊரார் அவளை அரசனாக்கிவிடுகிறார்கள். செருப்பு வழக்கு புதிய அரசனிடம் வருகிறது. நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷந்தானே என்று ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. இல்லை என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? வழக்கு தீர்ந்தது. கதை பழங்கதை மாதிரி இருக்கலாம். ஆனால் வழக்குரைஞர் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல், வாதியின் சொல்லைக் கொண்டே வாதியை மடக்கும் இந்தத் தீர்ப்பு, வேலைக்களைப்பில் ஒரு முன்சீப் கண்ட கனவு என்றே நான் படிக்கிறேன்.

அரியணையில் அமர்ந்த ஞானாம்பாள் செய்வதென்ன? லஞ்சம் வாங்கிய அதிகாரிகளைத் திருத்துகிறாள். நீதி தாமதமின்றிக் கிடைக்கச் செய்கிறாள். குடிமக்கள் குறையை நேரில் கேட்கிறாள். பின்னர் உரியவளான ஆனந்தவல்லியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, மயக்கமேதுமின்றி ஊர் திரும்புகிறாள். பெண் செங்கோல் பிடிப்பது மதுரைப் பெண்களாகிய நமக்கு வியப்பன்று. ஆண்டுதோறும் சித்திரையில் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிஷேகம் நடக்கும் ஊர் இது. காந்தி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போன மாணவியர் அது ராணி மங்கம்மாளின் அரண்மனை என்று கேட்டிருப்பீர்கள். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்டவள் அவள். ஆனால் தெய்வமும் அரச குலமும் ஆளுவது வேறு. வீட்டில் உட்கார்ந்து பாடம் படித்த ஒரு குடும்பப் பெண், அந்தப் படிப்பைக் கொண்டே ஆள முடியும் என்று கதை கட்டியது வேறு. நூலுக்குப் பிரதாபன் பெயரை வைத்தார். புத்தியும் துணிவும் நகைச்சுவையும் எல்லாம் ஞானாம்பாளுக்குக் கொடுத்தார். பெயரை மாற்றி வைத்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. மறைப்பதற்கில்லை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிற்கும். யாராவது ஒருவர் பல பக்கங்களுக்கு உபதேசம் செய்வார். கிளைக்கதைக்குள் கிளைக்கதை முளைக்கும். காடும் யானையும் தற்செயல் சந்திப்புகளும் நம்ப முடியாத அளவுக்குக் கைகொடுக்கும். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்ற அதே ஆசிரியர், கணவனுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பதையும் ஓயாமல் வலியுறுத்துகிறார். படித்த பெண் அலுவலகத்துக்குப் போகலாம், ஊதியம் பெறலாம் என்ற எண்ணம் அவர் எழுத்தில் இல்லை. ஞானாம்பாள் கூட ஆள்வதற்கு ஆண் உடைதான் உடுக்கவேண்டியிருந்தது. காலத்தின் வேலி அது. வேலியை ஒட்டி எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் அவர் போயிருக்கிறார்.

சகோதரிகளும் பெற்றோரும் கவனிக்கவேண்டிய ஒன்று இங்கே உண்டு. ஆழ்ந்த கத்தோலிக்கரான அவர், தம் நாவலின் மக்களைச் சைவ முதலியார் குடும்பத்தில் பிறக்க வைத்தார். நூலெங்கும் கடவுள் பேசப்படுகிறார். எந்தச் சமயத்தின் பெயராலும் வாதம் இல்லை. நாவல் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1878-ல், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்ற இசைப்பாடல் நூலை வெளியிட்டார். எந்தச் சமயத்தாரும் தம் வீட்டில் பாடக்கூடிய பாட்டுகள். அவற்றில் சில இன்றும் கர்நாடக இசை மேடைகளில் ஒலிக்கின்றன. பாடுகிறவர்க்கும் கேட்கிறவர்க்கும் அவை ஒரு கத்தோலிக்க முன்சீப் எழுதியவை என்பது பலசமயம் தெரிவதில்லை. பிற சமயத்தாரிடம் உள்ள நன்மையை மதிக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் ஏட்டில் எழுதியது. மாயூரத்தில் அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பே பாட்டாய்ப் பாடியாயிற்று.

அவர் நட்பும் அப்படியே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அந்நாளில் தமிழ்ப் புலவர் உலகத்தின் முடிசூடா மன்னர். அவர் தந்தையார் சிதம்பரம் பிள்ளை நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் மீன் முத்திரைப் பணி செய்தவர். பிழைப்புக்காகத் திருச்சிப் பக்கம் போனபின் பிறந்த மகனுக்கு மதுரை அம்மையின் பெயரை வைத்தார். அந்தச் சைவப் பெரும்புலவர், நம் கத்தோலிக்க முன்சீபைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை என்று ஒரு நூலே பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவரைப் பெரிதும் மதித்தார். இளைஞராக இருந்த உ.வே. சாமிநாதையர் இந்தப் பெரியவர்களை எல்லாம் அருகிருந்து பார்த்துத் தம் நூல்களில் எழுதிவைத்ததால், ஒரு சைவ மடமும் ஒரு கத்தோலிக்க வீடும் செய்யுளில் கடிதம் எழுதிக்கொண்ட காலம் நமக்குத் தெரிய வருகிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்ட குடும்பங்கள் மதுரைச் சீமையில் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே அழித்த பஞ்சம். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சி ஊற்றினார். பதவியை விட்டவர், வருவாய் குறைந்தவர், கொடுத்துக்கொண்டே இருந்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி, அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். கடவுளையும் அடியாரையும் தவிர மனிதரைப் பாடும் வழக்கமில்லாத அந்தப் பெரியவர் பாடியது, பட்டம் பதவிகளைவிடப் பெரிய மரியாதை. நாவலும் கீர்த்தனைகளும் இந்தப் பஞ்சத்தின் வாசலில்தான் அச்சேறின என்பதைப் படிக்கும்போது நினைவில் வைக்கவேண்டும்.

1887-ல் இரண்டாவது நாவல், சுகுண சுந்தரி, வந்தது. முதல் நூலின் வேகமும் வேடிக்கையும் இதில் குறைவு என்பது என் கருத்து. இளவரசி ஒருத்தியின் கதை. நடுவே பால்ய விவாகத்தை வன்மையாகக் கண்டிக்கிறார். பிள்ளைகளுக்குப் பொம்மை விளையாட்டு போலக் கல்யாணம் செய்துவைத்த நாளில் அந்தக் கண்டனத்துக்குத் தைரியம் வேண்டும்.

அவர் போட்ட பாதையில் விரைவிலேயே ஆட்கள் நடந்தார்கள். அவர்களுள் ஒருவர் நம் பக்கத்தவர். கொடைக்கானல் பஸ் நின்று போகும் வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த ராஜமையர், மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்துக் கமலாம்பாள் சரித்திரத்தை 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் எழுதினார், 1896-ல் நூலாயிற்று. கதைக்கலையில் அது முதல் நாவலை விஞ்சியது என்பார் பலர். நானும் அப்படியே எண்ணுகிறேன். 26 வயதிலேயே மறைந்துவிட்டார் பாவம். இங்கே தலைப்பிலேயே பெண்ணின் பெயர் ஏறிவிட்டதைக் கவனியுங்கள். பிறகு பெண்களே பேனா எடுத்தார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, ஜகன்மோகினி இதழையும் நடத்தினார்.

மலையாளத்திலும் ஓர் ஒற்றுமை. அம்மொழியின் புகழ்பெற்ற முதல் பெரிய நாவலான இந்துலேகாவை எழுதிய சந்து மேனனும் ஒரு முன்சீப்! அங்கும் கதையின் உயிர் படித்த பெண்ணே. அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1889.

அந்த ஆண்டே வேதநாயகம் பிள்ளைக்கு இறுதி ஆண்டு. அதற்கு முன் பல தடவை வீட்டில் மரணத்தைக் கண்டவர். மனைவியரை இழந்த துயரம் அவருக்கு ஒருமுறை வந்ததன்று. கடைசிக் காலத்தில் எழுத்து முழுவதும் செபமாகவே மாறியது. தேவமாதாவைப் பாடிய அந்தாதியும், சத்திய வேதக் கீர்த்தனைகளும் 1889-ல் வெளிவந்தன. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகப் பாடியவர், முடிவில் தம் அன்னையிடம் தம் மொழியில் பேசிக்கொண்டார். ஜூலை 21-ஆம் நாள் மாயூரத்திலேயே இறைவனடி சேர்ந்தார். வயது 62.

பிரதாப முதலியார் சரித்திரம் அதன்பின் எத்தனையோ பதிப்புகள் கண்டுவிட்டது. 2005-ல் ஆங்கிலத்திலும் வந்தது. நம் பள்ளி நூலகத்தில் தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கிறது. நாவல் வரிசையில் தேடினால் கிடைக்காது, பாடத் துணைநூல்களோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பும் மாணவியர் ஏப்ரல் மாதத்துக்குள் நூலகச் சகோதரியிடம் பெயர் கொடுக்கலாம். உபதேசப் பக்கங்கள் வரும்போது பயந்து மூடிவிடாதீர்கள். செருப்புத் தைப்பவனின் வழக்கு வரைக்குமாவது போய்ச் சேருங்கள். அப்புறம் அம்மாவுக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்.